பிரிக்காத பொட்டலம்

சென்ற ஆண்டு ஒரு மாலையில், எழுதிக்கொண்டிருந்த கட்டுரை ஒன்றுக்காகப் பழைய மொழிபெயர்ப்பு நாவலொன்றில் ஒரே ஒரு பத்தியைச் சரிபார்க்க வேண்டியிருந்தது. அந்த நூல் என்னிடம் இருக்கிறது என்பதில் எனக்கு ஐயமே இல்லை. நீல அட்டை, முதுகில் எழுத்துகள் தேய்ந்திருக்கும், கூடத்து அலமாரியின் மூன்றாம் தட்டில் பின்வரிசையில் இருக்க வேண்டும். முன்வரிசையை எடுத்துத் தரையில் அடுக்கிவிட்டுப் பார்த்தேன்; பின்வரிசையில் அது இல்லை. இரண்டு மணி நேரம் தேடி, முழங்கால் வரை தூசியாகி, கடைசியில் இணையத்தில் இன்னொரு பிரதிக்குப் பணம் கட்டினேன். நான்கு நாட்களில் அது வந்தது. பத்தியைச் சரிபார்த்த பிறகு அதை வைக்க இடம் தேடியபோது, கட்டிலுக்கடியில் இருந்த அட்டைப்பெட்டிக்குள் ஒட்டுநாடா பிரிக்கப்படாத ஒரு பொட்டலம் கையில் தட்டுப்பட்டது. பிரித்தால், உள்ளே அதே நாவல். அதற்கு இரண்டு வாரம் கழித்து நீல அட்டைப் பிரதியும் அகராதிகளுக்குப் பின்னாலிருந்து வெளிப்பட்டது. 43ஆம் பக்கம் வரை என் பென்சில் கோடுகள் இருந்தன. அதற்குமேல் ஒரு கோடுகூட இல்லை.

மூன்றையும் மேசையில் வரிசையாக வைத்தேன். நீல அட்டையைப் படிப்பதற்காக வாங்கினேன். படித்து முடிக்கவில்லை என்றாலும் காரணம் தெளிவானது. கடைசியாக வந்ததை வேலைக்காக வாங்கினேன், அதிலும் குழப்பமில்லை. நடுவிலிருந்த, பொட்டலத்தைக்கூடப் பிரிக்காத பிரதியை எதற்காக வாங்கினேன் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. முதல் பிரதி இருப்பதை மறந்து வாங்கியிருக்கலாம். அப்படியானால், வந்தபோது ஏன் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை? ஒன்றை வேண்டும் என்று கேட்டுத் தருவித்தவன், அது வந்து சேர்ந்ததும் கட்டிலுக்கடியில் தள்ளியிருக்கிறேன் என்றால், நான் வேண்டியது அந்த நூலை இல்லை என்றுதானே ஆகிறது?

புத்தகப் பிரியம், புத்தகப் பித்து என்று இரண்டு சொற்களை நாம் கைக்கு வந்தபடி மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறோம். பெரும்பாலும் பெருமையாகவே. "எனக்குப் புத்தகம்னா பைத்தியம்" என்று சொல்பவரிடம் யாரும் உடல்நலம் விசாரிப்பதில்லை. பழைய செய்தித்தாளையும் காலிப் புட்டிகளையும் வீடு நிறையச் சேர்ப்பவரைப் பார்த்துக் கவலைப்படும் அதே சுற்றத்தார், நூல்களைச் சேர்ப்பவரைப் பார்த்து "நல்ல பழக்கம்தானே" என்கிறார்கள். இந்தச் சலுகையை நான் முப்பது ஆண்டுகளாக அனுபவித்து வந்திருக்கிறேன்.

நாலடியாரை இயற்றியவர்கள் அந்தச் சலுகையைத் தரவில்லை. அதன் 318ஆம் வெண்பா, பொருள் தெரியாதவர்கள் புத்தகங்களை ஏராளமாகத் தொகுத்து வந்து வீட்டை நிறைத்தாலும், அவற்றைப் போற்றி வைக்கும் புலவர் வேறு, பொருள் தெரிந்து பிறருக்குத் தேற்றும் புலவர் வேறு என்கிறது. அச்சு இல்லாத, ஒவ்வொரு ஏட்டையும் எழுத்தாணியால் கீறி ஒருவர் படியெடுக்க வேண்டியிருந்த காலத்திலேயே வீட்டை நிறைப்பவர்கள் இருந்திருக்கிறார்கள் என்பதே எனக்கு முதல் வியப்பு. இரண்டாவது வியப்பு, போற்றுபவருக்கும் அந்தப் பாட்டு "புலவர்" என்ற பெயரை மறுக்கவில்லை என்பது. அது கிண்டல்தான் என்று உரைகாரர்கள் சொல்லக்கூடும். எனினும் போற்றுதலும் ஒரு வேலை, தேற்றுதல் இன்னொரு வேலை, ஒன்றை இன்னொன்று என்று எண்ணிக்கொள்ளாதே என்று சொல்வதாகவே நான் அதைப் படிக்கிறேன். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் ரோமானிய அறிஞர் செனெகா இன்னும் கடுமையாகக் கேட்டார்: தலைப்புகளைப் படித்து முடிக்கவே வாழ்நாள் போதாத அளவுக்கு நூல்களை வைத்துக்கொண்டு என்ன பயன்?

தலைப்புகளைப் பற்றிய அந்தக் கேள்வி என்னைத் தைத்ததால்தான் ஒரு நோட்டை எடுத்து வீட்டிலிருந்த நூல்களைக் கணக்கெடுக்கத் தொடங்கினேன். அதைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன், இந்த நோயின் ஆகப்பெரிய நோயாளி ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவரைப் பற்றி எவ்வளவு படித்தாலும் எனக்குச் சலிப்பதில்லை. அவர் அருவருப்பையும் மரியாதையையும் ஒரே நேரத்தில் வரவழைக்கிறார்.

சர் தாமஸ் ஃபிலிப்ஸ் 1792இல் இங்கிலாந்தில் பிறந்து 1872இல் இறந்தவர். உலகத்திலுள்ள ஒவ்வொரு நூலிலும் ஒரு பிரதி தன்னிடம் இருக்க வேண்டும் என்பதைத் தன் விருப்பமாகக் கூச்சமின்றி எழுதிவைத்தவர். இறக்கும்போது அவரிடம் சுமார் 60,000 கையெழுத்துச் சுவடிகளும் 40,000 அச்சு நூல்களும் இருந்தன. தோல்சுவடிகள் மீது தமக்கிருந்த வெறிக்கு அவரே ஒரு பெயரும் வைத்திருந்தார். கடைக்காரர்களுக்கு ஆண்டுக்கணக்கில் கடன் வைத்தார். சில கடைகள் அதனாலேயே நொடித்தன. தீப்பற்றினால் உடனே தூக்கிக்கொண்டு ஓடலாம் என்பதற்காக நூல்களை அலமாரிகளில் வைக்காமல், முன்பக்கம் திறக்கக்கூடிய, சவப்பெட்டி போன்ற நீண்ட பெட்டிகளில் வைத்திருந்தார். 1860களில் வீடு மாறியபோது நூறு வண்டிகளுக்கு மேல் தேவைப்பட்டன; அந்த இடமாற்றத்துக்கே மாதக்கணக்கானது. புதிய வீட்டில் ஒரு பக்கத்திலிருந்து புத்தகங்களும் மறுபக்கத்திலிருந்து எலிகளும் தன்னை விரட்டுவதாக அவருடைய இரண்டாம் மனைவி குறைப்பட்டுக்கொண்டார். அந்த அம்மையாரின் குரல் எங்கள் வீட்டிலும் கேட்டதுண்டு, எலிகள் நீங்கலாக.

இவ்வளவையும் படித்துவிட்டு அவரைப் பைத்தியம் என்று சொல்லி மூடிவிட முடிவதில்லை. அவர் வாங்கத் தொடங்கிய காலத்தில், பிரெஞ்சுப் புரட்சியாலும் போர்களாலும் மடாலயங்களின் நூலகங்கள் கலைந்து ஐரோப்பா முழுவதும் சுவடிகள் சிதறிக் கிடந்தன. பசை காய்ச்சுபவர்களும், தங்கத்தைத் தகடாக அடிப்பவர்களும் தோல்சுவடிகளை எடைபோட்டு வாங்கிப்போய் அழித்துக்கொண்டிருந்தார்கள். அவற்றுக்கு ஃபிலிப்ஸ் அதிக விலை கொடுத்ததாலேயே பல சுவடிகள் பிழைத்தன. அவர் இறந்த பிறகு அந்தச் சேகரிப்பை விற்றுத் தீர்க்க நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. இன்று உலகின் பெரிய நூலகங்கள் பலவற்றில் அவர் கைப்பட எண்ணிட்ட சுவடிகள் இருக்கின்றன. ஆக, குடும்பத்தை வதைத்த அதே பழக்கம் வரலாற்றுக்கு உதவியிருக்கிறது. ஆனால் இந்த உதவியை நோக்கத்துக்கான சான்றாக எடுத்துக்கொள்ளலாமா என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. என்னைப் போன்றவர்கள் ஃபிலிப்ஸை உதாரணம் காட்டித் தப்பித்துக்கொள்ள முடியாது. நான் வாங்கிப் போட்டிருக்கும் நாவலின் ஆயிரம் பிரதிகள் அச்சாகி ஆயிரம் வீடுகளில் இருக்கின்றன. என் கட்டிலுக்கடியில் எந்த நாகரிகமும் காப்பாற்றப்படவில்லை.

காப்பாற்றியவர்கள் நம்மிடமும் உண்டு. விளம்பரப் பலகை எழுதும் தொழிலிலிருந்த ரோஜா முத்தையா நூல்களோடு நிறுத்திக்கொள்ளாமல், துண்டறிக்கைகள், நாடக அறிவிப்புகள், அழைப்பிதழ்கள் என்று மற்றவர்கள் குப்பைக்கு அனுப்பியவற்றையெல்லாம் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்த பிறகு, ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படிகள் கொண்ட அந்தச் சேகரிப்பே 1994இல் ஓர் ஆய்வு நூலகத்துக்கு அடித்தளமாயிற்று. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் அவரும் எல்லை தாண்டியவர்தான். ஆனால் தன்னிடம் எது இருக்கிறது, அது ஏன் இருக்கிறது என்று அறிந்த கை அந்தச் சேகரிப்பில் தெரிகிறது. எண்ணிக்கையை வைத்து எல்லைக்கோடு போட முடியாது என்று நான் முடிவுக்கு வந்ததற்கு அவரும் ஒரு காரணம்.

மருத்துவமும் எண்ணிக்கையைக் கேட்பதில்லை. அமெரிக்க உளநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட நோயறி கையேட்டின் ஐந்தாம் பதிப்பில்தான் பதுக்கிச் சேர்க்கும் கோளாறு தனியொரு நோயாக இடம்பெற்றது. அதற்குமுன் அதை வேறு கோளாறுகளின் கிளையாகவே பார்த்தார்கள். புத்தகப் பித்து என்று தனியாக எந்த நோயும் அதில் இல்லை. பொருளின் உண்மையான மதிப்பு எதுவாக இருந்தாலும் அதை விட்டுப் பிரிய முடியாமை, பிரிய நினைத்தாலே வரும் வேதனை, வாழும் இடங்களைப் புழங்க முடியாதபடி பொருள்கள் அடைத்துக்கொள்வது, அதனால் வாழ்க்கைக்கு நேரும் இடையூறு ஆகியவற்றைத்தான் அந்தக் கையேடு பார்க்கச் சொல்கிறது. ஒழுங்கும் முறையும் கொண்ட சேகரிப்பாளரை அது நோயாளியாகக் கருதுவதில்லை. "மதிப்பு எதுவாக இருந்தாலும்" என்ற அந்தச் சொற்றொடர்தான் எங்களைப் போன்றவர்களின் கேடயத்தைப் பறித்துவிடுகிறது. உயர்ந்த பொருளைச் சேர்க்கிறோம் என்பது நோய் இல்லை என்பதற்குச் சான்றாகாது.

அந்த அளவுகோலில் ஓர் ஓட்டையும் உண்டு. என் வன்தட்டில் பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட மின்னூல்கள் இருக்கின்றன. அவை எந்த அறையையும் அடைக்கவில்லை, யார் காலிலும் இடறவில்லை, கரையான் அரிப்பதில்லை. இரவில் ஒரு மணிக்கு, யாரோ வருடி ஏற்றிய ஐந்நூறு பக்க இலக்கண நூலைத் தரவிறக்கி, சரியான கோப்புறையில் போட்டு, பெயரைத் திருத்தி, பிறகு நிம்மதியாக உறங்கியிருக்கிறேன். அந்த நிம்மதி, படித்து முடித்தவனுக்கு வரும் நிம்மதியைப் போலவே இருக்கிறது; அதுதான் அதிலுள்ள ஆபத்து.

தமிழில் "வாங்கிப் போட்டிருக்கிறேன்" என்று ஒரு வழக்கு இருக்கிறது. நிலத்தை வாங்கிப் போடுவோம், புத்தகத்தையும் வாங்கிப் போடுவோம். இப்போதைக்கு வேண்டாம், என்றாவது உதவும் என்ற முன்யோசனையும், அதுவரை கவனிக்க மாட்டேன் என்ற அலட்சியமும் அந்தப் "போடு"வில் ஒன்றாகக் குடியிருக்கின்றன. வாங்கிய நூலைப் படிக்காமல் குவித்துவைக்கும் இதே பழக்கத்துக்கு ஜப்பானிய மொழியில் "த்சுந்தோகு" என்று பெயர்; குவித்துவைத்தலையும் வாசித்தலையும் சேர்த்துப் பிணைத்த அந்தச் சிலேடை 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியிலேயே வழக்கில் இருந்தது. இப்போது உலகெங்கும் அந்தச் சொல்லைச் செல்லப் பெயராக ஆக்கிவிட்டார்கள். எனக்கு நம்முடைய "போடு" போதும். அதில் செல்லம் இல்லை.

படிக்காத நூல்களை வைத்திருப்பதே தவறு என்று சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். படித்து முடித்தவற்றை மட்டுமே வைத்திருக்கும் வீட்டில் நாளைக்குப் படிக்க எதுவும் இருக்காது. எட்டு ஆண்டுகள் தொடாமல் கிடந்த ஒரு நூல், ஒரு துக்கத்துக்குப் பின் வந்த வாரத்தில் தானாகக் கைக்கு வந்ததுண்டு. அன்று அது வீட்டில் இல்லாமலிருந்தால் நான் தேடிப்போயிருக்க மாட்டேன், ஏனென்றால் எதைத் தேடுவதென்றே அன்று எனக்குத் தெரியாது. அந்த எட்டு ஆண்டுகளும் அது அலமாரியில், கண்ணுக்குத் தெரியும் இடத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தது. காத்திருந்த நூலுக்கும் கிடந்த நூலுக்கும் வித்தியாசம் இருக்கிறது.

1809இல் தாமஸ் டிப்டின் என்ற பாதிரியார் இந்தப் பித்தின் அறிகுறிகளை வேடிக்கையும் வினையுமாக ஒரு நூலில் பட்டியலிட்டார். அகன்ற தாளில் அச்சான பிரதி, தோலில் அச்சான பிரதி, முதற்பதிப்பு, உலகில் ஒன்றே ஒன்றான பிரதி என்று அந்தப் பட்டியல் போகிறது. அறிகுறிகளில் ஒன்றுகூட நூலின் உள்ளடக்கத்தைப் பற்றியது இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பெருஞ்சேகரிப்பாளர் ஒருவருக்காக நூல் தேடிக் கொடுப்பவராக அவரே இருந்ததால், மருத்துவரும் நோயாளியும் ஒருவரே என்று சொல்லிவிடலாம். அந்தச் சேகரிப்பாளரான ஸ்பென்சர் பிரபு, 1471இல் அச்சான பொக்காச்சியோ கதைத்தொகுதி ஒன்றுக்காக 1812ஆம் ஆண்டு ஏலத்தில் போட்டியிட்டுத் தோற்றார். வென்றவர் கொடுத்த 2,260 பவுண்டு அன்றைக்கு யாரும் கேள்விப்படாத தொகை. ஏழே ஆண்டுகளில் வென்றவர் கடனில் மூழ்க, அதே பிரதி ஆயிரம் பவுண்டுக்கும் குறைவாக விலைபோய் ஸ்பென்சரிடமே வந்து சேர்ந்தது.

அந்தக் காலத்து நூல்களைப் பற்றிய ஒரு செய்தி என் பொட்டலத்தோடு ஒட்டிக்கொண்டது. அச்சிட்ட பெரிய தாளை மடித்துத் தைப்பார்கள். மடிப்புகள் மூடியே இருக்கும். வாசகர் கத்தியால் கீறித் திறந்துகொண்டே படிக்க வேண்டும். மடிப்புக் கீறப்படாத பிரதி என்றால் அதை இதுவரை ஒருவரும் படித்ததில்லை என்று பொருள். சேகரிப்பாளர்களில் பலர் அத்தகைய பிரதிக்குத் தனி மதிப்பு வைக்கிறார்கள். அதைக் கீறிப் படித்தால் அந்த மதிப்பு போய்விடும். படிப்பதே சேதம் என்றாகும் நிலை அது. கீறாத மடிப்புக்குத் துட்டுக் கொடுப்பவரைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். பிரிக்காத பொட்டலத்தைக் கண்டபின் அந்தச் சிரிப்பு வரவில்லை.

பித்து எங்கே திருட்டாகிறது என்பதற்கும் சான்றுகள் உள்ளன. 1841இல் பிரெஞ்சு நூலகங்களின் சுவடிகளைப் பட்டியலிடும் குழுவுக்குச் செயலாளராக அமர்த்தப்பட்ட குல்யெல்மோ லிப்ரி, பட்டியலிட வந்த இடத்திலேயே ஆயிரக்கணக்கில் களவாடினார். இத்தாலிய மொழியில் அவருடைய பெயருக்குப் பொருளே "நூல்கள்". அவர் விற்றுக் காசாக்கினார், ஆகவே அவரை எளிதாகத் திருடன் என்று ஒதுக்கிவிடலாம். அமெரிக்காவில் 1990இல் பிடிபட்ட ஸ்டீவன் ப்ளூம்பர்க் அப்படியில்லை. இருநூற்றுக்கும் மேற்பட்ட நூலகங்களிலிருந்து எடுத்த 23,000க்கும் அதிகமான நூல்களை அவர் விற்கவில்லை. அவற்றின் நடுவே வாழ்ந்தார். பாதுகாக்கிறேன் என்றே அவர் நம்பினார். அந்த நம்பிக்கைதான் எனக்கு அச்சமூட்டுகிறது, ஏனென்றால் அதன் சிறிய வடிவம் என்னிடமும் இருக்கிறது.

நான் திருடியதில்லை, பொய் சொல்லியிருக்கிறேன். பொட்டலங்களை அலுவலக முகவரிக்கு வரவழைத்து, நாளுக்கு ஒன்றாகப் பைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்த காலம் உண்டு. ஒருநாள் மேசைமேல் கிடந்த ஒன்றைத் தூக்கிப் பார்த்து, "இது புதுசா?" என்று மனைவி கேட்டாள். "இல்லை, பழசுதான், கீழே கிடந்துச்சு" என்றேன். அச்சு மையின் வாடை அறை முழுவதும் இருந்தது. அவள் எதுவும் சொல்லாமல் அதை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனாள். எல்லைக்கோடு எங்கே என்று யாராவது என்னைக் கேட்டால், எண்ணிக்கை, படித்த விழுக்காடு, அலமாரியின் நீளம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு அந்த மேசையைத்தான் காட்டுவேன். விரும்பி வாங்கிய நூலை மனிதன் உடனே யாரிடமாவது காட்டத் துடிப்பான். மறைக்கத் தோன்றும் நூலை வேறு ஏதோ வாங்கியிருக்கிறது.

அந்த வேறு ஏதோ எது என்பதை நோட்டு ஓரளவு காட்டிக்கொடுத்தது. ஆறு வாரம் எடுத்து, ஒவ்வொரு நூலுக்கும் பெயர், இருக்குமிடம், படித்தேனா, ஏன் வாங்கினேன் என்று நான்கு பத்திகள் போட்டு எழுதினேன். மொத்தம் 2,915. படிக்காதவை 1,640. நல்ல ஆண்டில் நான் நாற்பது நூல் படிப்பேன். இனி ஒன்றும் வாங்காமல் படித்தாலும் நாற்பத்தொரு ஆண்டு ஆகும், எனக்கு இப்போது வயது ஐம்பத்திரண்டு. இந்தக் கணக்கைவிட நான்காம் பத்திதான் என்னை உட்காரவைத்தது. வானியல், சமஸ்கிருத இலக்கணம், தச்சுவேலை என்று கூட்டம் கூட்டமாக நூல்கள். மரவேலையைப் பற்றி ஏழு நூல்கள் இருக்கின்றன, வீட்டில் ஓர் உளிகூட இல்லை. ஒவ்வொன்றையும் வாங்கிய பொழுதில் நான் மனத்தில் கண்டது அந்த நூலைப் படித்து முடித்துவிட்ட ஒரு ஆளை. பொறுமையான, கைத்திறனுள்ள, விண்மீன்களின் பெயர் தெரிந்த ஒருவரை. பணம் கட்டிய மறுகணம் அவர் பாதி வந்துவிடுகிறார். பொட்டலத்தைப் பிரித்தால் படிக்க வேண்டிய 400 பக்கங்கள் தெரியும், அவர் போய்விடுவார். அதனால்தான் பிரிக்காமல் கட்டிலுக்கடியில் வைத்தேன் போலிருக்கிறது.

நான்காம் பத்தியில் எழுத ஒரு காரணமும் கிடைக்காதவை 212 இருந்தன. அவற்றைத் தனியே எடுத்துப் பெட்டிகளில் அடுக்கினேன். நூல்கள் பயன்பாட்டுக்கே என்பதையும், ஒவ்வொரு நூலுக்கும் ஒரு வாசகர் உண்டு என்பதையும் நூலக விதிகளாக எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வகுத்ததை மனத்துக்குள் சொல்லிக்கொண்டே, ஒரு நூலகத்துக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த நூலகர் கனிவானவர். ஒவ்வொன்றாகப் புரட்டி, பூச்சி அரித்தவற்றையும், காலாவதியான தகவல் நூல்களையும், தங்களிடம் ஏற்கனவே இரண்டு பிரதி இருப்பவற்றையும் ஓரமாக வைத்தார். "சார், எங்களுக்கும் இடம் இல்லை" என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு 38 நூல்களை மட்டும் எடுத்துக்கொண்டார். மூன்று பிரதி நாவலில் ஒன்று அந்த 38இல் சேர்ந்தது. பிரிக்காமலிருந்த பிரதியைத்தான் எடுத்தார்; அதுதான் அப்பழுக்கில்லாமல் இருந்தது.

மற்ற 174 நூல்களும் திரும்ப வந்துவிட்டன. நான்கு மாதங்களாகப் பெட்டிகள் வாசற்கதவுக்குப் பக்கத்தில் இருக்கின்றன. உள்ளே எடுத்துப்போய் அடுக்கக் கூடாது என்ற வைராக்கியம் மட்டும் இருக்கிறது. எடைக்குப் போட மனம் வரவில்லை. நேற்று மின்கட்டணச் சீட்டைத் தேடியபோது மேலே இருந்த பெட்டியைத் திறந்தேன். கையில் வந்தது தேனீ வளர்ப்பைப் பற்றிய ஒரு நூல். ஏன் வாங்கினேன் என்று நோட்டில் ஒரு கோடு மட்டும் போட்டிருக்கிறேன். ராணித் தேனீயைப் புதிய கூட்டத்துக்கு அறிமுகப்படுத்துவது எப்படி என்ற அத்தியாயத்தைச் செருப்புக் காலோடு நின்றபடியே படித்துக்கொண்டிருந்தேன். மனைவி வெளியே போவதற்காகக் கதவைத் திறக்க வந்து, பெட்டிகளைக் கொஞ்சம் நகர்த்தச் சொன்னாள். நகர்த்திவிட்டு, விட்ட வரியைத் தேடினேன்.